கடிக்கிற குழாய்

தையற்காரி எலக்ட்ரீசியனோடு ஓடிப்போய்விட்டாள் என்று சொல்கிறவர்களின் வாயை எதைக் கொண்டு அடைப்பது? அந்த மனிதர் அவளுடைய தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு தெருமுனை வரை வந்தது நிஜம்தான். அறுபத்தாறு வயது. மூச்சு வாங்க வாங்க, நாலு இடத்தில் இறக்கி வைத்து இறக்கி வைத்துத்தான் வந்தார். ஓடிப்போகிறவள் பார்த்துப் பார்த்து இப்படி ஓர் ஆளையா பிடிப்பாள்? புருஷன் கப்பலில் வேலை பார்க்கிறான் என்பதற்காக எதை வேண்டுமானாலும் பேசிவிடலாமா? நடந்ததை முதலில் கேட்கட்டும், பிறகு பேசட்டும்.

அந்தத் தையற்காரி மாடி வீட்டில் ஏழு வயது மகளோடு வாடகைக்கு இருந்தாள். கடையில் வாங்கிய உடுப்பை ஆளுக்குத் தக்கபடி பிடித்துக் கொடுப்பது அவள் தொழில். வாசலில் ஆள் நுழையும்போதே இடுப்பளவு கண்ணில் ஏறிவிடும்; டேப்பை எடுப்பது வந்தவரின் திருப்திக்காக. தையல் ஒரு நூல் கோணினாலும் பிரித்துப் போட்டுவிட்டு மறுபடி தைப்பாள். உள்பக்கத்தை யார் பார்க்கப் போகிறார்கள் என்று எவராவது சொல்லிவிட்டால் போதும், அன்று முழுக்க முகம் கொடுத்துப் பேசமாட்டாள்.

கீழே வீட்டுக்காரரும் அவர் மனைவியும். மாடிக் குளியலறையில் சுடுதண்ணீர் வர வேண்டும் என்று அவள் கேட்டதும், வீட்டுக்காரர் தன் மச்சானைக் கூப்பிட்டு எலக்ட்ரிக் ஷவர் ஒன்றை மாட்டச் சொன்னார். மச்சானுக்குப் பழைய ரேடியோ பிரிக்கத் தெரியும். அது போதும் என்று இருவருமே நினைத்தார்கள். கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்க வேண்டிய எர்த் கம்பியை எங்கே கொடுப்பதென்று தெரியாமல், கைக்கு எட்டிய தண்ணீர்க் குழாயில் சுற்றிவிட்டுப் போய்விட்டான்.

மறுநாளிலிருந்து வீட்டில் உள்ள குழாய்கள் எல்லாம் தொட்டால் ஜிவ்வென்றன. தையற்காரி பயந்துபோய், படிக்கட்டுப் பக்கத்தில் இருந்த ஷவர் சுவிட்சை அணைத்தாள். அடுத்த நாள் காலை பார்த்தால் சுவிட்ச் போட்டிருக்கிறது. மறுபடி அணைத்தாள். மறுபடி போட்டிருக்கிறது. பேய் பிசாசு என்று நம்புகிற ஆள் இல்லை அவள். காலை ஆறு மணிக்குக் கதவிடுக்கில் கண்ணை வைத்துக் காத்திருந்தாள்.

வந்தது வீட்டுக்காரம்மா. நாலு வருஷமாக முட்டிவலியில் முனகிக் கிடந்தவள், பதின்மூன்று படி ஏறி வந்து சுவிட்சைப் போட்டுவிட்டு இறங்கிப் போனாள். கேட்டதற்கு ஒளிக்காமல் சொன்னாள். காலையில் கீழ்க்குழாயைக் கால் மணி நேரம் பிடித்துக்கொண்டு நின்றால் ஜிவ்வென்று உடம்பெல்லாம் பரவுகிறதாம். முட்டிப் பிடிப்பு அப்படியே விட்டுவிடுகிறதாம்.

"இல்லன்னா நான் இந்தப் படியெல்லாம் ஏறுவேனா, நீயே சொல்லு."

தினமும் படி ஏறி இறங்கியதில் முட்டி இளகியிருக்கும் என்று தையற்காரி சொல்லிப் பார்த்தாள். எடுபடவில்லை.

அந்த வாரமே குழந்தை பல் தேய்க்கப் போய்க் குழாயைத் தொட்டாள். பிரஷ் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். எழுந்து உட்கார்ந்து முதலில் சிரித்தாள், அப்புறம்தான் அழுதாள்.

"அம்மா, குழாய் கடிக்குது."

தையற்காரி அன்றைக்கே எலக்ட்ரீசியனை அழைத்து வந்தாள். அவர் டெஸ்டரைக் குழாயில் வைத்ததும் அதில் விளக்கு எரிந்தது. ஷவரின் மேல்மூடியைக் கழற்றி உள்ளே பார்த்தவர், கம்பியின் ரப்பர் உருகி ஒழுகியிருப்பதைக் காட்டினார். இன்றைக்கு ஜிவ்வென்பது நாளைக்கு ஆளையே கொண்டுபோகும் என்றார். வீட்டுக்காரர் சம்மதித்தால் அரை நாளில் சரிசெய்து தருவதாகவும் சொன்னார்.

வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. மச்சான் கை வைத்ததில் இன்னொருவன் கை வைத்தால் வீட்டுக்குள் மனைவி முகத்தில் முழிக்க முடியாது. ஆகவே, மாடியில் இருப்பவளுக்கு எல்லாமே குற்றம், ஷவரில் ஒரு குறையும் இல்லை என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தார்.

தையற்காரி சண்டைக்குப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில், நாலு பேர் கேட்க, வீட்டுக்காரரைக் குளிக்க அழைத்தாள். அவர் அந்த ஷவரில் ஒரு தரம் குளித்துவிட்டு வந்தால், தான் இனி வாயே திறப்பதில்லை என்றாள்.

மறுக்க வழியில்லை. தோளில் துண்டு, கையில் சோப்புப் பெட்டியோடு மாப்பிள்ளை மாதிரி படியேறி வந்தார். பின்னால் மனைவி, அக்கம்பக்கத்தார் ஏழெட்டுப் பேர். குளியலறை வாசலில் அவர் கால் எடுத்து வைத்தபோதுதான் தையற்காரி கீழே பார்த்தாள். விரற்கடைத் தடிமனில் புத்தம்புது ரப்பர் செருப்பு.

"செருப்பைக் கழட்டிட்டுப் போங்கண்ணே."

"தரை சில்லுனு இருக்குமேம்மா."

"சுடுதண்ணி வரும்ல, சூடாயிடும்."

வீட்டுக்காரர் ஒரு காலைச் செருப்பிலிருந்து உருவினார். பின்னாலிருந்து மனைவி அவர் துண்டைப் பிடித்து இழுத்தாள்.

"கழட்டாதீங்க, சொல்லிட்டேன்."

தையற்காரி வீட்டுக்காரம்மாவை நிதானமாகப் பார்த்தாள்.

"உங்க முட்டிக்கு ஆகிறது அவர் உடம்புக்கு ஆகாதாக்கா?"

வீட்டுக்காரர் காலைத் திரும்பச் செருப்புக்குள் நுழைத்துக்கொண்டு, வேலை இருக்கிறது என்று இறங்கிப் போய்விட்டார். தெரிந்தேதான் இருந்திருக்கிறார்கள். தெரிந்தேதான் குழந்தையை அங்கே பல் தேய்க்க விட்டிருக்கிறார்கள். அதற்கப்புறம் அந்த வீட்டில் ஒரு வேளைகூடச் சாப்பிட அவளுக்கு மனம் ஒப்பவில்லை.

மத்தியானத்துக்குள் மூட்டை கட்டினாள். தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு எலக்ட்ரீசியன் முன்னால் இறங்கிப் போனார். படிக்கட்டருகே வந்ததும் ஸ்டூலைப் போட்டு ஏறி, ஷவருக்குப் போகிற பியூஸ் கட்டையைப் பிடுங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். வீட்டுக்காரர் கீழிருந்து கத்தினார், அது தன் சொத்து என்று.

"உங்களதுதான். எர்த்தை ஒழுங்காக் குடுத்துட்டு வந்து வாங்கிக்கங்கண்ணே. அதுக்குள்ள வேற யார் புள்ளையும் இங்க குடிவந்துடக் கூடாது."

மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். படியிறங்கி அவரைக் கடந்து, வாசற்படி தாண்டி நடந்துவிட்டாள்.