தட்டில் நின்ற தண்ணீர்

என் தவறுக்கு இன்னொருவர் வேலையை இழந்தார். பொய் சொல்லி அப்படி நடக்கவைத்தவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்; இல்லாவிட்டால் செடிகொடிகளைப் பற்றிப் பேசியே தப்பித்துவிடுவேன்.

போன வாரம் சிங்கப்பூரின் தோ பாயோவில் என் வீட்டுக்குக் கொசுப்புழு சோதனைக்காக ஒரு பெண் வந்தாள். துளசித் தொட்டியின் அடித்தட்டைத் தூக்கிப் பார்த்து, "தண்ணியே இல்ல அங்கிள், ஓகே லா" என்று போய்விட்டாள். எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. மாலையில் இரண்டு மாடி ஏறி இறங்கி, அடுத்தவர்களின் தொட்டித் தட்டுகளையெல்லாம் கவிழ்த்துவிட்டு வந்தேன். பார்த்தவர்கள் திருடன் என்றே நினைத்திருப்பார்கள்.

கையில் ஈரமண் வாசனை ஒட்டினால் நான் முன்பு வேலை பார்த்த செடிப்பண்ணைதான் எனக்கு நினைவுக்கு வரும். பிளாஸ்டிக் கூரை போட்ட நீளமான கூடம், கோழி எரு, நனைந்த தேங்காய் நார். நான் அங்கே மேற்பார்வையாளர். தாவரவியல் பட்டதாரி என்பதால் சேற்றில் நடக்கும்போதும் சட்டைப்பையில் இரண்டு பேனா இருக்கும். ஓர் ஆகஸ்ட் மாதம் மழையே இல்லை, காட்டுத்தீப் புகைமூட்டம் வேறு. தொட்டித் தட்டுகளைத் தினமும் மாலையில் கவிழ்க்க வேண்டும் என்பது பண்ணையின் சட்டம். பெரணிகள் வாடுவதைப் பார்க்கப் பொறுக்காமல், தண்ணீர் அப்படியே நிற்கட்டும் என்று பண்ணைத் தொழிலாளி ராஜேந்திரனிடம் சொன்னேன். தமிழ்நாட்டிலிருந்து வந்து எட்டு மாதமே ஆனவர். "கொசு வருமே சார்" என்றார். படித்தவன் நானா நீயா என்று கேட்டேன்.

ஒரு வாரத்தில் கொசுப்புழு சோதனைக்கு அதிகாரிகள் வந்தார்கள். தட்டுக்குத் தட்டு புழு நெளிந்தது. யார் பார்த்த வேலை என்று முதலாளி கேட்டார். கவிழ்க்கச் சொன்னேன், இவன்தான் கேட்கவில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னேன். ராஜேந்திரனுக்குப் புரியாது என்று ஒரு நினைப்பு. என் விரல் அவரைக் காட்டியது புரியாமலா போகும்? அவர் என்னைப் பார்த்தார். நான் பெரணிகளைப் பார்த்தேன். அந்த வாரமே வேலை அனுமதி ரத்தாகி, ஊருக்குத் திரும்பினார்.

அதற்குப் பிறகு என்னால் அந்தக் கூடத்தில் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. இரண்டு மாதம் கழித்து முதலாளியிடம் உண்மையைச் சொன்னேன். வாங்க வேண்டியதை வாங்கிக்கொண்டேன். அவனைத் திரும்பக் கூப்பிடு என்றார். லிட்டில் இந்தியாவில் தொலைபேசி அட்டை வாங்கி, ஊரில் ராஜேந்திரன் வீட்டுக்குப் பக்கத்துக் கடைக்குப் பேசி, அவரை வரவழைத்து மன்னிப்புக் கேட்டேன். "எப்ப வரணும்?" என்று மட்டும் கேட்டார்.

வந்த முதல் நாள் காலையில் நான் ஏதோ பேச வாயெடுத்தேன்.

"சார், இனிமே என்ன வேலைன்னாலும் எழுதிக் குடுங்க. வாயால சொல்லாதீங்க."

அன்றிலிருந்து தினமும் ஒரு சீட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மடித்துப் பையில் வைத்துக்கொள்வார். வேறு பேச்சு கிடையாது. பல வருடம் இப்படியே போயிற்று.

குத்தகை முடிந்து பண்ணை நிலம் கைமாறியது. இப்போது அங்கே வேலியும் புல்லும்தான். கடைசி நாளிலும் அவர் வந்து நின்றார். "இன்று வேலை இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு, வழக்கம்போல மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.