முதல் பஸ்காரர்களின் அட்டைகள்

எங்கள் ஆஸ்பத்திரியில் ஊசி போடும் அறை என் ராஜ்ஜியம். ஆனால் நோயாளியின் அட்டையைப் பார்க்காமல் ஊசி போடக் கூடாது என்பது டாக்டரம்மாவின் கட்டளை. அட்டைகளோ பின்கட்டு பீரோக்களில் இருந்தன. ஒவ்வொருவர் வந்து நிற்கும்போதும் நான் ஓடிப்போய்த் தேட வேண்டும். ஒரு நாள் சட்டென்று கிடைக்கும், ஒரு நாள் முக்கால் மணி நேரம் ஆகும்.

ஆமத்தூரிலிருந்து ஒருத்தி வருவாள். எங்கள் ஊர் சிவகாசியில் தீப்பெட்டிக் கம்பெனியில் வேலை. காசநோய்க்குத் தினம் ஒன்றாகத் தொண்ணூறு ஊசி போட வேண்டும். முப்பதாவது ஊசியன்று, "நாளையிலருந்து வரலை நர்சம்மா" என்றாள்.

"ஏத்தா, பாதியில விட்டா நோய் திரும்பிரும். சாகப் போறியா?" என்று கத்திவிட்டேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில்.

"எட்டு மணிக்குக் கம்பெனி கேட்டை அடைச்சிருவாக. எம்புட்டு நேரமாகும்னு தெரிஞ்சா அதுக்குத் தக்கன கிளம்பி வருவேன். நீங்க ஒரு நாளைக்கு ஒரு மாதிரில்ல வச்சிருக்கீக!"

சுருக்கென்றது. அவள் சொன்னதில் தப்பே இல்லை. இன்னும் ஒரு வாரம் வந்து பார் என்று கெஞ்சினேன்.

மறுநாள் ஒரு மணி நேரம் முன்னாலேயே போய், அன்று ஊசி உள்ளவர்களின் அட்டைகளை எல்லாம் எடுத்து மேஜைமேல் நம்பர் வரிசையில் அடுக்கினேன். பெருமை தாங்கவில்லை. ஆட்களை உள்ளே விட்டால், மேஜையே இன்னொரு பீரோ! ஒவ்வொருவருக்கும் அடுக்கைக் கலைத்துத் தேடினேன்.

அவள் சிரித்துவிட்டாள். "நாங்க நம்பர் வரிசையிலயா வாரோம்? பஸ் வரிசையிலல்ல வாரோம்!"

அடி சக்கை! பள்ளிக்கூடம் படித்த எனக்கு இது தோன்றவில்லையே. அன்றிலிருந்து முதலில் வரும் ஆமத்தூர் பஸ்காரர்களின் அட்டைகள் தனிக்கட்டாக முன்னால் இருக்கும். அடுத்த பஸ் அடுத்த கட்டு. உள்ளூர்க்காரர்கள் கடைசி. ஊசிக்குப் புதிதாக யாராவது வந்தால் மட்டும்தான் பின்கட்டுக்கு ஓட்டம். பஸ்ஸை விட்டு இறங்கிய பத்தாவது நிமிடம் அவள் ஊசி போட்டுக்கொண்டு வெளியே நிற்பாள்.

"பஸ்ஸுதான் லேட்டு, நர்சம்மா லேட்டில்லை" என்று கேலி செய்வாள். எனக்கு உச்சி குளிர்ந்துபோகும்.

தொண்ணூறாவது ஊசியும் முடிந்தது. டாக்டரம்மா எக்ஸ்ரே பார்த்து, நெஞ்சு தெளிந்துவிட்டது என்றார். அவள் போயிட்டு வாரேன் என்றுகூடச் சொல்லவில்லை, கேட் அடைத்துவிடுவார்களென்று ஓட்டமாக ஓடினாள்.

மறுநாள் பழக்கதோஷத்தில் அவளுடைய அட்டையையும் எடுத்து வைத்துவிட்டேன். முதல் பஸ் வந்தது. அந்தக் கட்டின் மற்ற அட்டைகள் ஒவ்வொன்றாகப் போயின. அவளுடையது மட்டும் மேஜையில் கிடந்தது. அதைப் பீரோவில் கொண்டுபோய் வைக்கும்போது, கர்த்தரே, எனக்கு அம்புட்டு சந்தோஷம்.