சாக்கு மறைத்த கோழிக்கொட்டகை

செல்போன் எங்கள் தெருவுக்கு வந்த புதிது. என் கணவர் விருத்தாசலத்தில் ஒரு செராமிக் கம்பெனியில் வெள்ளைக்கல் அரைக்கும் இடத்தில் வேலை பார்த்தார். சாயங்காலம் புருவம்கூட வெளுத்துத்தான் வீடு திரும்புவார். இருமல் இருந்தது. அங்கே எல்லோருக்கும் இருந்ததால் நாங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வீட்டுக்குப் பின்னால் நான் பன்னிரண்டு நாட்டுக்கோழிகள் வளர்த்தேன். இடுப்பளவு செங்கல் சுவர், அதற்கு மேல் நாலு பக்கமும் கம்பி வலை, மேலே ஆஸ்பெஸ்டாஸ். தரையில் நாலு விரல் உயரத்துக்கு உமி. தினமும் காலையில் கிளறிவிட்டு, நனைந்ததை அள்ளி வெளியே போடுவேன். வலை வழியாகக் காற்று ஓடும். நாற்றம் இருந்தது, தாங்கக்கூடிய அளவில்.

பக்கத்து வீட்டுக்கு மங்கலம்பேட்டையிலிருந்து ஒரு பெண் குடிவந்தாள். கணவர் துபாயில் இருந்தார். அவளுக்கு மூன்றாம் மாதம். அவள் சமையலறை ஜன்னல் என் கொட்டகைக்கு நேர் எதிரே. வாந்தியெடுத்து முகம் வற்றிப்போய் ஒருநாள் சுவரோரம் வந்து நின்றாள்.

"அக்கா, கோவிச்சிக்காதீங்க. ஒரு வாய் சோறு உள்ள எறங்க மாட்டேங்குது. இந்தப் பக்கம் மட்டும் ஏதாச்சும் கட்டி மறைச்சீங்கன்னா போதும்."

அதட்டியிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பேன். அவள் அப்படிக் கேட்கவில்லை. யூரியா சாக்குகளைத் தைத்து அந்தப் பக்கத்து வலையை மூடினேன். ஐப்பசி மழையில் சாரல் அடிக்கத் தொடங்கியதும் மற்ற மூன்று பக்கங்களையும் நானாகவே மூடினேன்.

மழையில் வெளியே நின்று அள்ளிக் கொட்டச் சோம்பல். நனைந்த உமி மேலேயே புது உமியைப் போட்டுக்கொண்டு வந்தேன். பார்க்கக் காய்ந்திருக்கும், கால் வைத்தால் சொதசொதவென்று அமுங்கும். கதவைத் திறந்தால் நெடி கண்ணைக் கரிக்கும். கொஞ்ச நாளில் கோழிகளுக்குக் கண் வீங்கி ஒட்டிக்கொண்டது. கறகறவென்று மூச்சு விட்டன. இரண்டு செத்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு கோழியைத் தூக்கிக்கொண்டு தெரிந்த மாட்டு டாக்டர் வீட்டுக்குப் போனேன். அதன் இமையைப் பிரித்துப் பார்த்தவர் கொட்டகை எப்படி இருக்கிறது என்று விசாரித்தார்.

"மொதல்ல சாக்க அவுத்துடுங்கம்மா. அப்புறமா அடியில இருக்கிறத வாரிக் கொட்டுங்க. அதுங்க இழுக்கிறது காத்தா? வெறும் நெடி."

நான் திரும்பி வருவதற்குள் என் கணவர் தானாகவே கொட்டகையை வாரும் வேலையில் இறங்கிவிட்டிருந்தார். லீவு நாள்தானே, எனக்கு ஒத்தாசையாக இருக்கட்டும் என்று. சாக்கு எதையும் அவிழ்க்கவில்லை. மூடிய கொட்டகைக்குள் குனிந்து நின்று பாதிக்கு மேல் வாரியிருக்கிறார். நான் பார்த்தபோது வாசலில் சரிந்து உட்கார்ந்திருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. பேச்சு வரவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் அதற்குள் செல்போனில் ஆட்டோவுக்குச் சொல்லியிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்த டாக்டர், இவர் என்ன வேலை செய்கிறார் என்று கேட்டார். நெஞ்சில் இருப்பது பல வருஷத்துத் தூசி, கொட்டகைக்குள் போகாமல் இருந்திருந்தாலும் ஒருநாள் இது வந்திருக்கும் என்றார். அதைக் கேட்டு என் மனம் ஆறவில்லை.

வீட்டுக்கு வந்தோம். அவர் மறுபடி வேலைக்குப் போகவில்லை. படுத்தால் மூச்சு முட்டியதால் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடியே இருந்தார். அந்தப் பெண் கஞ்சி கொண்டுவந்தாள்.

"நான் அன்னிக்கி சொல்லாம இருந்திருக்கலாம்க்கா" என்றாள்.

நீ சொன்னது ஒரு பக்கம்தான், மூன்று பக்கத்தை மூடியவள் நான் என்று சொல்லியிருக்க வேண்டும். பாத்திரத்தை மட்டும் கழுவிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு அவள் வருவது குறைந்தது.

"அந்தப் பொண்ணு என்னா பண்ணுச்சி? ஏன் மூஞ்சத் திருப்பிக்கிற?" என்று ஒருநாள் என் கணவர் கேட்டார். கோழிக்குத் தீனி வைக்க வேண்டும் என்று எழுந்து போய்விட்டேன்.

பிரசவத்துக்குத் தாய்வீடு போனவள் அங்கேயே தங்கிவிட்டாள். அவளுடைய அண்ணன் வந்து சாமான்களை ஏற்றிப் போனார். பெண் குழந்தை என்றார். அடுத்த மாசியில் என் கணவர் இறந்தார்.