ஈயக் கிண்ணத்தில் வைத்த அவல்

இது உண்மையில் நடந்தது. எனக்குக் கதை கட்ட வராது, நான் வரலாறு படிப்பிக்கிறவன். நம்பாதவர்கள் நம்பாமலே போகட்டும். ஆனால் சாப்பிட்டுக்கொண்டு மட்டும் இதை வாசிக்காதீர்கள். 

2024 ஒக்டோபர் 11, வெள்ளிக்கிழமை. சரஸ்வதி பூசை நாள். லண்டனில் அப்டன் பார்க் பக்கம் ஒரு பாடசாலையில் பதினோராம் வகுப்புக்கு நான் வரலாறு எடுக்கிறேன். திங்கட்கிழமை மாதிரிப் பரீட்சை இருந்ததால், பாடசாலை விட்டபின் மேலதிக வகுப்பு வைத்தேன். வெள்ளிக்கிழமை பின்னேரம் எந்தப் பிள்ளை வரும்? வந்தது மூன்றே மூன்று பேர். மிதுலன், லக்‌ஷிகா, கோசிகா.

இன்றைக்குப் புத்தகம் தொடக் கூடாது, எல்லாம் சாமி அறையில் இருக்கிறது என்று லக்‌ஷிகா சாட்டுச் சொன்னாள். மிதுலன் அதற்கு ஒத்து ஊதினான். கோசிகா மட்டும் பேசாமல் கொப்பியைத் திறந்தாள். மெலிந்த பிள்ளை. தகப்பன் இல்லை, தாய்க்கு அவள் ஒருத்திதான். ஆறு மணிக்கு முன் பிள்ளையை அனுப்பிவிடும்படி தாய் மத்தியானமே எனக்குப் போன் எடுத்துச் சொல்லியிருந்தார்.

பாடம், பிரித்தானியாவின் மருத்துவ வரலாறு. அந்தக் காலத்து லண்டன்காரருக்குக் காய்ச்சலோ தலையிடியோ எது வந்தாலும் கையைக் கீறி இரத்தம் வடித்தார்கள். அதைச் செய்தவர்களும் பெரும்பாலும் முடி திருத்துபவர்கள்தான். அருவருப்பான பாடம் என்பதால் பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். அவர்களுக்குக் காட்டுவதற்காக ஓர் அருங்காட்சியகத்திலிருந்து பழைய பொருட்கள் கொண்ட பெட்டி ஒன்றை இரவல் வாங்கியிருந்தேன். உள்ளே என்னென்ன இருக்கிறது என்று ஒரு பட்டியலும் கூட வந்தது. வரலாறு படிப்பிக்கிற நான் அதை வாசிக்கவில்லை.

என் மனைவி தக்ஷிகா காலையில் பூசைக்கு வைத்த அவலையும் கடலையையும் ஓர் ஐஸ்கிறீம் டப்பாவில் போட்டுத் தந்திருந்தாள். தரும்போதே கண்டிப்பாகச் சொன்னாள்.

"இஞ்சாருங்கோ, சாமிக்குப் படைச்சது. டப்பாவோட நீட்டாதேங்கோ. ஒரு நல்ல பாத்திரத்தில போட்டுக் குடுங்கோ."

பாடசாலையில் நல்ல பாத்திரத்துக்கு எங்கே போவது? எல்லாம் கடதாசிக் கோப்பை. அப்போதுதான் பெட்டிக்குள் அந்தக் கிண்ணத்தைக் கண்டேன். ஈயத்தில் செய்தது. ஒரு பக்கம் காது போல ஒரு பிடி. உள்ளே வளையம் வளையமாகக் கோடுகள். பழைய கஞ்சிக் கிண்ணம் என்றும், கோடுகள் அலங்காரம் என்றும் நினைத்தேன். ஆசிரியர்களின் குசினியில் கழுவினேன். தண்ணீர் மண்ணிறமாக வந்தது. மூன்று முறை கழுவியும் அதே நிறம்தான். பழைய ஊத்தை என்று துடைத்து எடுத்துக்கொண்டு வந்தேன்.

மாலை 3.48. அவலைக் கிண்ணத்தில் கொட்டினேன். முதல் பிடி நான் எடுத்தேன். பிறகு மூன்று பிள்ளைகளும் எடுத்தார்கள்.

3.55. லக்‌ஷிகா மூக்கைச் சுளித்தாள்.

"சேர், வெடுக்கு மணக்குது."

வெளியே மீன் கடைகள் இருக்கின்றன, அதுதான் என்றேன். யன்னல் பூட்டியிருந்தது. எனக்கும் மணத்தது. பச்சை இறைச்சியைப் பையில் கட்டி இரண்டு நாள் வெயிலில் விட்ட மணம்.

4.01. மிதுலன் சப்புவதை நிறுத்தினான். வாய்க்குள் விரலை விட்டான். ஒரு மயிரை இழுத்து எடுத்தான். குட்டையான, நரைத்த மயிர். சவரம் செய்யும்போது விழுமே, தாடி மயிர், அதேதான். பின்னர் இன்னொன்று. பின்னர் ஒரு கொத்து... எச்சிலோடு. அவன் குப்பைக் கூடைக்குள் சத்தி எடுத்தான்.

என் நாக்கிலும் ஏதோ குத்தியது. நான் பார்க்கவில்லை. விழுங்கிவிட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என் வாயையே எனக்கு அருவருக்கிறது.

4.06. ஒரு சத்தம். டொக்...

தண்ணீர்க் குழாய் என்று நினைத்தேன். அந்த அறையில் குழாய் இல்லை.

டொக்... டொக்...

கடைசி மேசையில் கோசிகா இருந்தாள். கிண்ணம் எப்போது அவளிடம் போனது என்று தெரியவில்லை. இடது கைச் சட்டையை முழங்கைக்கு மேல் மடித்திருந்தாள். கையைக் கிண்ணத்துக்கு மேலே நீட்டியிருந்தாள். உள்ளங்கைக்குள் கோடு போடும் அடிமட்டம். அதை இறுக்கிப் பிடித்தாள்... விட்டாள்... பிடித்தாள்... விட்டாள்.

இரத்தம் வேகமாக வடிவதற்காக அந்தக் காலத்து நோயாளிகள் அப்படித்தான் ஒரு தடியைப் பிடித்து விடுவார்கள். அதை நான் இன்னும் படிப்பிக்கவில்லை.

"கோசிகா, என்ன செய்யிறீர்?"

"நோகேல்லை சேர். இன்னும் கொஞ்சம்தானாம்."

"ஆர் சொன்னது?"

"கையைப் பிடிச்சிருக்கிறவர்."

அவள் மணிக்கட்டைப் பார்த்தேன். தோலில் நான்கு பள்ளங்கள். விரல்கள் அழுத்துவது போல.

அவை அசைந்தன.

கிண்ணத்தில் இரத்தம் இரண்டாவது கோட்டைத் தாண்டியிருந்தது. மேலே அவல் மிதந்தது. ஊறி... தடித்து...

டொக்...

கிண்ணத்தைத் தட்டிவிட்டேன். சூடாக இருந்தது.

கோசிகா சரிந்தாள்.

4.12. லக்‌ஷிகா அம்புலன்சுக்குப் போன் அடித்தாள். கோசிகாவின் உதடு வெள்ளையாக இருந்தது. நான் அவள் கையைத் தடவித் தடவிக் காயத்தைத் தேடினேன். கட்டுப் போட ஒரு கீறல் கூட அகப்படவில்லை.

மருத்துவமனையில் தாய் ஓடி வந்தார். என்னை ஏசவில்லை. "என்ர பிள்ளை இருப்பாளோ சேர்?" என்று மட்டும் கேட்டார்.  ஒரு லீற்றருக்கு மேல் இரத்தம் போயிருக்கிறது என்றார் டொக்டர். எப்படிப் போனது என்று அவருக்கும் தெரியவில்லை. உடம்பில் ஊசி முனையளவு காயமும் இல்லை. இரத்தம் ஏற்றினார்கள். ஞாயிற்றுக்கிழமை கண் திறந்தாள். அந்த இரண்டு நாளும் நான் எப்படி இருந்தேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

வகுப்பறையைத் துப்புரவு செய்தவர் மேரிசாந்தி. கம்பளத்தில் ஒரு துளி இரத்தமும் காணவில்லை என்று சத்தியம் செய்தார். கிண்ணம் மேசைக்குக் கீழே கிடந்ததாம். அவலும் இல்லை, கடலையும் இல்லை. யாரோ நக்கித் துடைத்தது போல இருந்ததாம்.

தக்ஷிகாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.  அவள் சொன்னாள்.

"ஆரின்ர கிண்ணத்தில வைச்சீங்களோ, அவருக்குத்தான் படைச்சிருக்கிறீங்கள்."

அடுத்த வியாழக்கிழமை பெட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அது கஞ்சிக் கிண்ணம் இல்லை, இரத்தம் வடிக்கும் கிண்ணம் என்று அங்கே இருந்த பெண் சொன்னாள். கோடுகள் அளவு பார்க்க. முடி திருத்தும் ஒருவனுடையதாம். அவன் மேல் கொலை வழக்கு நடந்திருக்கிறது. தன்னிடம் வருகிறவர்களுக்கு அவன் முதலில் அந்தக் கிண்ணத்திலேயே கூழ் கொடுப்பானாம். சாப்பிட்டவர்களைத்தான் கீறுவானாம். சிலரை அன்றைக்கே. சிலரை மாதக் கணக்கில் காத்திருந்து, வீடு தேடிப் போய். சாப்பிட்டவர் ஒருவரையும் அவன் விட்டதில்லை என்று வழக்குப் பதிவில் இருக்கிறதாம்.

"நீங்கள் இதில் ஒன்றும் சாப்பிடவில்லையே?" என்று பகிடியாகக் கேட்டாள்.

இல்லை என்றேன்.

நாங்கள் நான்கு பேர் சாப்பிட்டோம். இதுவரை அவன் வந்தது கோசிகாவிடம் மட்டும்தான்...