சாட்சி வரிசை

நான் பொய் சொன்னேன். அந்தப் பொய்யால் என் தோழி வத்சலாவின் பெயரைக் கெடுத்தேன். இதுவரை எவரிடமும் சொல்லவில்லை... உங்களிடம் சொல்கிறேன்.

நெல்லிலையில் கண் வடிவப் புள்ளிகள் விழச் செய்யும் பூஞ்சையொன்று உண்டு. அதை அடையாளம் கண்டு தடுக்கும் மரபணு எந்த நெல்லில் இருக்கிறது? கொழும்பு ஆய்வுகூடமொன்றில் நாங்கள் இருவரும் அதைத்தான் தேடினோம்.

ஒவ்வொரு தட்டிலும் சோதிக்கவேண்டிய புதிய நெல்லோடு, நோய் எளிதில் பிடிக்கும் நாற்றுகளையும் ஒரு வரிசை நடுவோம். வத்சலா அவற்றைச் 'சாட்சிகள்' என்பாள். பூஞ்சையின் வித்திகளைத் தெளித்ததும் அவற்றில் புள்ளி விழவேண்டும். விழாவிட்டால் வித்திகள் செத்துவிட்டன என்று பொருள், சோதனை செல்லாது.

என் தட்டில் சாட்சிகளும் பச்சைப்பசேலென நின்றன!

மறுநாள் பேராசிரியர் பார்க்க வருகிறார். கொட்டாஞ்சேனையில் எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் படித்தவள் நான். கொச்சிக்கடையில் மூட்டை தூக்கும் அப்பா, "என் மகள் நெல்லுக்கு டொக்டர்" என்று சொல்லித் திரிந்தார். நான் தோற்பதா?

பழைய தட்டிலிருந்து புள்ளி விழுந்த நாற்றுகளைப் பிடுங்கிச் சாட்சி வரிசையில் நட்டேன். புதிய நெல் நோயைத் தாங்குகிறது என்று எழுதினேன். எல்லோரும் பாராட்டினார்கள்...

வத்சலா அதே நெல்லை மறுபடி சோதித்தாள்.

"ஏனடி, என்ர தட்டு முழுக்க அம்மாள் வருத்தம் வந்து கொப்புளம் போட்ட மாதிரிப் புள்ளியாக் கிடக்கு! உன்ர நெல்லுக்கு என்னைப் பிடிக்கேல்லையோ?" என்று சிரித்தாள்.

"நீ விதையை மாத்திப் போட்டிருப்பாய்," என்றேன்.

பேராசிரியரிடமும் அதையே சொன்னேன். அவர் நம்பினார். வத்சலா என்னை ஒருமுறை பார்த்தாள்... அவளுக்குத் தெரிந்திருந்ததா? அந்த மாதமே வேலையை விட்டுவிட்டாள்.

மதியத்தில் தன் புட்டைப் பாதியாகப் பிரித்து, பொரித்த மீனை என் பக்கம் தள்ளிவிடுவாள். இப்போது தனியே சாப்பிடுகிறேன். நாற்று நடும்போது, "ஆழமா ஊண்டாதேயடி" என்ற அவள் குரலுக்காகக் காது ஏங்குகிறது...

உண்மையைச் சொன்னால் அவள் என்னோடு கதைக்கக்கூடும். ஆனால் அப்பாவின் 'டொக்டர்' மகள் என்ன ஆவாள்?

நேற்று வெள்ளவத்தையில் அவள் தெரு வந்ததும் பஸ்ஸில் மணியை அடித்தேன். பஸ் நின்றது. வீட்டு மாடியில் அவளுடைய நீலத் துவாய் காய்ந்துகொண்டிருந்தது. நான் இருக்கையிலேயே இருந்தேன்.

"பஹினவாத நங்கி?" இறங்குகிறாயா என்று கண்டக்டர் சிங்களத்தில் கேட்டார்.

தெரியாமல் மணியை அடித்துவிட்டேன் என்றேன்.

இன்னொரு பொய்!