பத்தாம் நம்பர் ஊசி

மலைநாட்டில் கிளாக்கராக இருந்த என் கணவர், எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு ஒரேயொரு பெட்டியோடு எங்கள் ஊரான சரவணைக்குத் திரும்பிவந்தார். அதற்குள் அவர் அங்கே குளிருக்குப் போட்ட சாம்பல் நிறச் சுவெற்றரும் இருந்தது. இரண்டு வருடம் கழித்து, யாழ்ப்பாணம் போய்த் திரும்பும்போது மண்டைதீவுக்குக் கிட்ட வைத்து அவரைச் சுட்டுவிட்டார்கள். அப்போது என் வயிற்றில் ஐந்து மாதப் பிள்ளை.

நான் அழவில்லை. கவலையா, கோபமா என்று கேட்டால் ஒன்றுமே இல்லை. சோறு வைத்தால் சாப்பிட்டேன். செத்தவீட்டுக்கு வந்தவர்கள் குசினிக்குள் நின்று, "கல்லுமாதிரி எல்லோ இருக்கிறா" என்று குசுகுசுத்தது கேட்டது. இருந்துவிட்டுப் போகிறேன், உங்களுக்கென்ன என்று நினைத்தேன்.

ஒன்றில் மட்டும் பிடிவாதமாக இருந்தேன். தகப்பன் உடுத்தது ஏதாவது பிள்ளையின் உடம்பில் படவேண்டும். அந்தச் சுவெற்றரை அவிழ்த்துப் பிள்ளைக்குச் சட்டை பின்னுவது என்று முடிவெடுத்தேன்.

அவருடைய தங்கை, என் மச்சாள், எங்கிருந்தோ ஒரு பழைய இங்கிலீஸ் பின்னல் புத்தகம் கொண்டுவந்தாள். மட்டையில் கன்னம் சிவந்த வெள்ளைக்காரப் பிள்ளை. உள்ளே ஒழுங்கான வசனம்கூட இல்லை. கே என்றால் நேராகப் போடு, பி என்றால் புறமாகப் போடு, இவ்வளவுதான். அந்தச் சுருக்கம்தான் எனக்குப் பிடித்தது. அந்த நாட்களில் அடுத்து என்ன செய்யவேண்டும் என்று எனக்குச் சொன்னது அது ஒன்றுதான்.

சுவெற்றரை அவிழ்த்தபோது மாமி எதிரே கதிரையில் இருந்து இரண்டு கைகளையும் நீட்டினார். மகனுடைய நூலை அந்தக் கைகளில் சுற்றினேன்.

புத்தகத்தில் பத்தாம் நம்பர் ஊசி என்று இருந்தது. லண்டனிலிருந்து என் அக்கா அனுப்பிய புது ஊசிகளிலும் பத்து என்று பொறித்திருந்தது. பிறகென்ன, பின்னினேன். முதுகுப்பக்கம் முடிந்தபோது அது நாலு வயதுப் பிள்ளைக்கும் பெரிது.

"உதென்ன பிள்ளை, சட்டையோ மீன்வலையோ?" என்றார் மாமி.

மச்சாள் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தாள். "ஐயோ மச்சாள், பழைய கணக்கிலை நம்பர் கூடக்கூட ஊசி மெல்லிசாம். இப்பத்தைக் கணக்கு அப்பிடியே தலைகீழ். ஆர் கண்டது!"

திரும்ப அவிழ்த்தேன். இற்றுப்போன கம்பளி, இழுக்க இழுக்க அறுந்தது. எனக்கு எரிச்சல்கூட வரவில்லை. இரண்டு சைக்கிள் கம்பிகளைச் சீமெந்துப் படியில் தேய்த்துக் கூராக்கி மறுபடி தொடங்கினேன். உருப்படியாக மிஞ்சிய நூல் ஒரு தொப்பிக்குத்தான் போதும். தொப்பியைப் பின்னி முடித்தேன்.

சித்திரை வெயிலில் மகன் பிறந்தான். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் தொப்பியைப் போட்டேன். முகம் சிவக்கக் கத்தினான். பால் கொடுத்தும் அடங்கவில்லை.

"வெக்கை தாங்கேலாமல் கத்துது, கழட்டு பிள்ளை."

"ஏலாது மாமி. இவ்வளவுதான் இருக்கு."

மாமி தானே கழற்றினார். வியர்த்த தலையைத் துவாயால் ஒற்றியவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இஞ்ச பார், ரெட்டைச் சுழி. தகப்பன்ரை தலை."

பார்த்தேன். அதே இடம், அதே சுற்று. பிள்ளை நித்திரையாகிவிட்டான். அவன் எழும்பிவிடுவான் என்ற பயத்தில், சீலைத் தலைப்பை வாய்க்குள் அடைத்துக்கொண்டு அழுதேன்.