கழுத்தில் நான்கு விரல்கள்

எங்கள் ஆஸ்பத்திரியில் படம் எடுப்பவருக்கு 'நூறு பர்சென்ட்' என்று பெயர். அப்பா அம்மா வைத்த பெயரைச் சம்பளப் பட்டியலில்தான் பார்க்கலாம். அடிபட்டு வருகிறவர்களின் காயங்களைப் படமெடுத்து, போலீஸுக்கும் கோர்ட்டுக்கும் போகிற கோப்பில் சேர்ப்பது அவர் வேலை. அந்தக் கோப்புகளைக் கட்டிக்கொண்டு அழுவது என் வேலை. ஒரே அறை, ஒரே மின்விசிறி, பன்னிரண்டு வருஷச் சண்டை.

கேமராவிலிருந்து வருகிற அசலை 'ரா' என்பார்கள். ஒவ்வொன்றும் முப்பது எம்பி. எங்கள் கணினியோ ஒரு எம்பிக்கு மேல் போனால் வாங்காது. ஆகவே ஜேபெக்காகச் சுருக்கித்தான் ஏற்ற வேண்டும். வேறு யாராக இருந்தாலும் பொத்தானை அமுக்கிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார்கள். இவர் மாட்டார்.

"சுருக்கும்போது முதல்ல காணாம போறது மங்கலான வித்தியாசம்தான். ரத்தக்கட்டுன்னா என்ன? மங்கலான வித்தியாசம்தானே?" என்பார்.

தரத்தில் கை வைக்காமல், பின்னால் தெரியும் சுவரையும் கட்டிலையும் வெட்டியே அளவைக் குறைப்பார். பிறகு அசலையும் நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நூறு பர்சென்ட் பெரிதாக்கி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். அதற்கப்புறம்தான் அசலை அழிப்பார். அழிக்காமல் சேர்த்து வைக்க ஒரு ஹார்டு டிஸ்க் கேட்டு மூன்று தடவை எழுதிப் போட்டார். மேலே இருந்தவர்கள் மூச்சுவிடவில்லை.

இதில் நான் மூக்கை நுழைத்ததையும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஒரு நாள் ஊழியர்களுக்குப் புது அடையாள அட்டை போட்டார்கள். என் கன்னமெல்லாம் பரு வந்துபோன பள்ளம். காலையில் அவர் எடுத்த படத்தைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்ன இது, குண்டும் குழியுமா? கொஞ்சம் வழவழன்னு பண்ணித் தந்தா உங்க கை தேஞ்சுடுமா?"

"இருக்கறதுதானே வரும்?"

"நாளைக்கு இதைக் கழுத்துல மாட்டிட்டு அலையப்போறது நான்தானே?"

சிரித்துக்கொண்டே, படங்களை ஜேபெக்காக மாற்றும்போதே தோலை மென்மையாக்குகிற ஒரு செட்டிங்கைப் போட்டுக் கொடுத்தார். அட்டையில் நாங்கள் அத்தனை பேரும் ஐந்து வயது குறைந்துபோனோம்.

அன்று மதியம் ஒரு பெண் வந்தாள். கணவன் கழுத்தை நெரித்திருந்தான். பெண்களைப் படமெடுக்கும்போது நான் கூடவே நிற்பது வழக்கம். இடப்பக்கம் நான்கு விரல், வலப்பக்கம் கட்டைவிரல். கறுத்த தோலில் மங்கலாகத்தான் தெரிந்தது, ஆனால் எண்ணிவிடலாம். பத்துப் படம் எடுத்து மாற்றிக்கொண்டிருந்தபோது அவசரப் பிரிவிலிருந்து ஆள் ஓடி வந்தார். பஸ் கவிழ்ந்து பதினோரு பேர் வந்திருக்கிறார்களாம். இருப்பதோ ஒரே மெமரி கார்டு, அதுவும் நிரம்பி வழிந்தது. எனக்குத் தெரிந்து முதல் தடவையாக அவர் பெரிதாக்கிப் பார்க்கவில்லை. கோப்பில் ஏற்றினார், கார்டைத் துடைத்தார், ஓடினார். காலையில் போட்ட செட்டிங் எடுக்கப்படாமல் அப்படியே இருந்தது.

ஐந்து மாதம் கழித்துக் கோர்ட்டில்தான் எங்களுக்குத் தெரிந்தது. அவர் சாட்சி சொல்லப் போனார், நான் கோப்பைத் தூக்கிக்கொண்டு கூடப் போனேன். தான் இருக்கும் வீட்டுப் பக்கம் கணவன் வரக்கூடாது என்று உத்தரவு கேட்டு அவள் மனுப் போட்டிருந்தாள். படத்தைத் திரையில் காட்டினார்கள். அவள் கழுத்து, என் அட்டையில் என் கன்னம் எப்படி இருந்ததோ அப்படி இருந்தது. டாக்டரின் குறிப்பில் 'கழுத்தில் தடங்கள்' என்று இரண்டே வார்த்தை. எழுதியவர் வெளிநாடு போய்விட்டார். "எங்கே தடம்?" என்று கேட்டார் கணவனின் வக்கீல். கூண்டில் நின்ற நூறு பர்சென்ட் திரையை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொன்னார்.

"தப்பு என்னுது. தோலை வழவழப்பாக்கற செட்டிங் அதுல இருந்துடுச்சு. தடம் இருந்தது, நான் கண்ணால பாத்தேன்."

"அப்ப இது மாத்தின படம்?"

"ஆமா."

"அசல் எங்க?"

"இல்ல."

வக்கீல் உட்கார்ந்துவிட்டார். மாற்றிய படத்தை ஏற்க முடியாது என்று பத்தையும் நீதிபதி ஒதுக்கினார். மனுவும் அதோடு போயிற்று. நானும் பார்த்தேன் என்று சொல்ல எழுந்தேன். சாட்சிப் பட்டியலில் பெயர் இல்லை, உட்காருங்கள் என்றார்கள். உட்கார்ந்தேன். என்மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது.

வெளியே வராந்தாவில் அவர் அவள் முன்னால் போய் நின்றார். படிக்குக் கீழே கணவன் வண்டியைக் கிளப்பி வைத்துக்கொண்டு அவளைக் கூட்டிப்போகக் காத்திருந்தான். அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எங்களுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"சார், செல்போன்ல எடுத்தா கோர்ட்ல செல்லுமா?"

"எதை?"

"அடுத்த தடவை. எப்படி எடுத்தா அழியாம இருக்கும்?"

அவர் பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் போனை வாங்கி, முகத்தை அழகாக்குகிற வசதியைத் தேடி அணைத்தார். "ஜன்னல் வெளிச்சத்துல எடுங்கம்மா. ஃப்ளாஷ் வேணாம். மெசேஜ்ல போட்டோவா அனுப்பினா சுருங்கிடும், டாக்குமென்ட்டா அனுப்புங்க. அசலை அழிச்சிடாதீங்க. அப்புறம்..." போனைத் திருப்பிக் கொடுத்தார். "அளவு தெரியறதுக்குப் பக்கத்துல ஒரு ஸ்கேல் வெச்சுக்கணும்."

அவள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள்.

"ஸ்கேல் இருக்கு சார். பொண்ணோட பென்சில் டப்பால இருக்கு."